நோட்ஸ் கேட்டது தப்பா?

கேள்வி: பொறியியல் கல்லூரியில் கணித உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். இந்த செமஸ்டரில் முதல்முறையாக டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ் பேப்பரை (லாஜிக், கிராஃப் தியரி, லாட்டிஸ் என்று பல பகுதிகள் சேர்ந்த கணிதப் பாடம்) கொடுத்துவிட்டார்கள். கணித ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ‘நோட்ஸ் இருந்தா அனுப்புங்க, அர்ஜென்ட்’ என்று கேட்டேன். ஒரு சீனியர் ‘பி.எச்டி. முடிச்சவங்க கேட்கிற கேள்வியா இது?’ என்று எழுத, பலர் சிரிப்பு எமோஜி போட்டார்கள். வேறு கல்லூரி சார் ஒருவர் தனியாக நோட்ஸ் அனுப்பினார். அதை மாணவர்கள் குழுவில் போட்டேன், இப்போது அவரும் கோபமாக இருக்கிறார். குழுவை விட்டு விலகிவிடலாமா?

பதில்: விலக வேண்டாம். அந்த சீனியர் எழுதியது அபத்தம். பி.எச்டி. என்பது ஏதோ ஒரு மூலையில் செய்த ஆராய்ச்சி. கிராஃப் தியரியில் பட்டம் வாங்கியவர் லாஜிக்கையும் லாட்டிஸையும் முதல்முறை நடத்தும்போது திணறினால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? அவருக்குக் குழுவில் பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், அப்படியே விட்டுவிடுங்கள்.

ஆனால் நோட்ஸ் அனுப்பிய சார் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. அவர் உங்களுக்குக் கொடுத்தார், உங்கள் மாணவர்களுக்கு இல்லை. அது பல வருடம் திருத்தித் திருத்தி எழுதியதாக இருக்கலாம், உள்ளே அவர் அடுத்த இன்டர்னலுக்கு வைத்திருக்கும் கேள்விகளும் இருக்கலாம். இன்றே போன் செய்து, ‘கேட்காமல் போட்டுவிட்டேன் சார், மன்னிச்சுக்கோங்க, குழுவிலிருந்து எடுத்துவிட்டேன்’ என்று சொல்லுங்கள் (முதலில் எடுத்துவிடுங்கள், அப்புறம் போன்). யாராவது ஏற்கெனவே டவுன்லோடு செய்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சரி, நீங்கள் கேட்ட விதத்துக்கு வருவோம். ‘நோட்ஸ் அனுப்புங்க’ என்றால் படிப்பவருக்கு உங்கள் கஷ்டம் என்ன என்று தெரியாது, ஐந்து யூனிட்டையும் தூக்கிக் கொடுக்கச் சொல்வது போலத்தான் இருக்கும். நோட்ஸ் மட்டும்தான் வேண்டுமென்றால் புத்தகம் இருக்கிறது, ஐ.ஐ.டி.க்களின் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் வீடியோ இலவசமாகவே இருக்கிறது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. பத்து வருடம் வகுப்பில் நின்றவரிடம் கேட்க வேண்டியது வேறு. உதாரணமாக, ‘ட்ரூத் டேபிளை (உண்மை, பொய் அட்டவணையை) மாணவர்கள் சரியாகப் போடுகிறார்கள், ஆனால் பி பொய்யாக இருக்கும்போது “பி என்றால் க்யூ” என்ற கூற்று எப்படி உண்மையாகும் என்று கேட்டால் விழிக்கிறார்கள், நான் டெஃபனிஷனைத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை, நீங்கள் எப்படி நடத்துவீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். யாராவது ஒருவர், ‘மழை பெய்தால் குடை கொண்டு வருவேன் என்று ஒருவன் சொன்னான், மழையே பெய்யாத நாளில் குடை இல்லாமல் வந்தான், அவன் பொய் சொன்னானா என்று பசங்களைக் கேளுங்க மேடம்’ என்பார். அந்த ஒரு வரி புத்தகத்தைப் புரட்டி எடுக்கக் கூடியதா?

கேட்கும்போது இன்டர்னல் மார்க் ஷீட்டையோ, பேர் தெரிகிற விடைத்தாளையோ போட்டோ எடுத்துப் போடாதீர்கள். ‘இந்த பேட்ச் பசங்க சுத்த மோசம்’ என்ற புலம்பலும் வேண்டாம், அதே குழுவில் உங்கள் ஹெச்.ஓ.டி.யும் இருப்பார்.

யோசனை சொன்னவருக்குக் கும்பிடு எமோஜியோடு முடித்துக்கொள்ளாமல், வகுப்பு முடிந்ததும் எது எடுபட்டது, எது சொதப்பியது என்று இரண்டு வரி எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதே இல்லை. அடுத்த வருடம் இதே பேப்பர் தலையில் விழுந்து ஒரு புது மேடம் வந்து கேட்பார், அவருக்கும் அந்த இரண்டு வரி உதவும்.