ஜிப் டிரைவின் ‘டக் டக்’: பங்கு வாங்கியவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி

ஜிப் டிரைவ் என்பது கழற்றி மாற்றும் வட்டில் கணினிக் கோப்புகளைச் சேமிக்கும் கருவி. அதைத் தயாரித்த அமெரிக்காவின் ஐயோமெகா நிறுவனத்தின் பங்கு 1990களில் ஏறி இறங்கிய கதையைப் படித்துவிட்டு நம் முதலீட்டுக் குழுவில் பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஹார்டுவேர் பழுதுபார்ப்பது என் தொழில். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: சார், அந்தப் பங்குக்கு ஏன் அவ்வளவு மவுசு?

பதில்: ஃபிளாப்பியில் 1.44 எம்பிதான் அடங்கும். 1995-இல் வந்த ஜிப் வட்டில் 100 எம்பி. டிரைவ் 199 டாலர், வட்டு சுமார் 20 டாலர். டிரைவில் பெரிய லாபம் இல்லை, காசெல்லாம் வட்டில். மோட்லி ஃபூல் என்ற இணைய முதலீட்டு மன்றத்தின் வாசகர்கள் யூட்டாவின் ராய் நகரில் இருந்த ஆலைக்கே போய், விடுமுறை நாளில் எத்தனை கார் நிற்கிறது என்று பார்த்து வந்தார்கள். 1996 மே மாதம் பங்கு உச்சத்தைத் தொட்டது.

கேள்வி: பழுதான ஜிப் டிரைவில் வந்த ‘டக் டக்’ சத்தம் எதனால்?

பதில்: வட்டின் உள்ளே இருப்பது வளையக்கூடிய மெல்லிய தகடு. நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 சுற்று சுழலும். தகட்டின் குறிகளைப் படிக்க முடியாவிட்டால், டிரைவில் தகட்டைப் படிக்கும் முனையான ஹெட் பின்வாங்கி மறுபடி நுழையும். அந்தச் சத்தம்தான் ‘டக்’. ஒன்றிரண்டு முறை கேட்டால் பயமில்லை. ஹெட் இடம் மாறியிருந்தால்தான் ஆபத்து, தகட்டின் ஓரம் கிழிந்துவிடும். “வட்டில் கோளாறா, டிரைவில் கோளாறா?” என்று பார்க்க அதைப் பக்கத்து மேசை டிரைவில் போடுவார்கள். கிழிந்த ஓரம் அந்த ஹெட்டையும் பிடித்து இழுக்கும். தொற்றுநோய் மாதிரி பரவும்.

கேள்வி: பாதிப்பு அரை சதவீதத்துக்கும் குறைவு என்றுதானே கம்பெனி சொன்னது? என்னுடையது வருஷக்கணக்கில் ஓடியது.

பதில்: உங்களுடையது ஓடியதில் சந்தோஷம், ஆனால் அது கணக்கில் சேராது. விற்றது ஒரு கோடிக்கு மேல். ஒரு கோடியில் அரை சதவீதம் என்றாலே 50,000 டிரைவ். ‘பழுது அதிகம்’, ‘பழுதே இல்லை’ என்று வாதாடிய இரண்டு தரப்பும் சொந்த டிரைவைத்தான் சாட்சிக்கு இழுத்தார்கள். ஒரு டிரைவுக்கு எத்தனை வட்டு விற்கிறது, அது குறைகிறதா? நான் இதைத்தான் கேட்டிருப்பேன். பயந்தவர் டிரைவைத் திருப்பித் தராமலே இருக்கலாம், அடுத்த வட்டை வாங்க மாட்டார். லாபம் அங்கேதான் அடிபடும்.

கேள்வி: அப்போ கம்பெனியைச் சாய்த்தது அந்தச் சத்தமா?

பதில்: முழுக்க இல்லை. 1998 செப்டம்பரில் அந்தச் சத்தத்துக்காகக் கம்பெனி மேல் வழக்கு வந்தது, 2001-இல் தள்ளுபடிக் கூப்பனோடு முடிந்தது. பெரிய அடி எழுதக்கூடிய சிடிதான். 650 எம்பி, விலை ஒரு டாலருக்கும் கீழே இறங்கியது. 2008-இல் தரவுச் சேமிப்புக் கருவிகள் செய்யும் இஎம்சி நிறுவனம் ஐயோமெகாவைச் சுமார் 21 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

கேள்வி: இதே மாதிரி டிரைவ் விற்றுப் போட்டிக்கு இருந்த சைக்வெஸ்ட் கம்பெனி?

பதில்: 1998 நவம்பரிலேயே திவால்.

கேள்வி: அப்பாவின் பழைய ஜிப் வட்டுகள் இருக்கின்றன. போட்டுப் பார்க்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் ஒவ்வொரு வட்டின் தகரக் கதவையும் நகர்த்தி, அடியிலுள்ள உலோக நடுவட்டத்தை விரலால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். தகட்டைத் தொடக் கூடாது. சின்னப் பிசிறு தெரிந்தாலும் அந்த வட்டைத் தனியாக எடுத்து வையுங்கள், எந்த டிரைவிலும் போட வேண்டாம்.