சைக்கிளுக்கு வாரண்டி உண்டு, கௌரவத்துக்குக் கிடையாது

கேள்வி: திருநெல்வேலி பெருமாள்புரத்தில் குடியிருக்கிறேன்; அலுவலகம் வண்ணார்பேட்டையில். காரை நிறுத்த இடம் தேடுவதிலேயே காலை நேரம் கழிந்துவிடுவதால் சைக்கிள் வாங்கப் போவதாக வீட்டில் சொன்னேன். அதைக் கேட்ட மைத்துனர், "என்ன அத்தான், காரை வித்துட்டியளா?" என்கிறார். கியர் சைக்கிள் வாங்குவதா, சாதாரண சைக்கிள் வாங்குவதா?

பதில்: உங்கள் மைத்துனரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் சைக்கிள் வாங்குவதில் பில்லில் வராத பெருஞ்செலவு அவர்தான். பிளஸ் 1 மாணவன் சைக்கிளில் போகலாம், பால்காரர் போகலாம், ஆனால் சொந்தமாகக் கார் வைத்திருக்கும் ஓர் அலுவலர் போனால் அவருக்குக் கடன் இருக்க வேண்டும் அல்லது சர்க்கரை இருக்க வேண்டும் என்பது ஊர் வழக்கு. ஆகவே முதல் மாதம் முழுவதும் "டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்று சொல்லிவிடுங்கள். அதன்பின் யாரும் உங்களைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். தங்கள் சர்க்கரை அளவைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

இனி சைக்கிளுக்கு வருவோம். விலை கூடிய கியர் சைக்கிளில் ஹெல்மெட் அணிந்து சென்றால் அது உடற்பயிற்சி என்றும், கேரியரில் சாப்பாட்டுத் தூக்கைக் கட்டிக்கொண்டு சென்றால் அது வறுமை என்றும் கருதப்படுவதால், கடைக்காரர் உங்களை இருபத்தொரு கியர் வண்டியின் பக்கமே இழுப்பார். உங்கள் வழியில் மலை ஏதும் இல்லை. முன்சக்கரத்தில் ஸ்பிரிங் வைத்த வண்டி, கரடுமுரடான பாதையில் ஓடுவதற்காக அமைக்கப்பட்டது. தார்ச்சாலையில் அது கூடுதல் எடை மட்டுமே. மேலும் அத்தகைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு மட்கார்டு, கேரியர், செயின் கவர் ஆகியவை கிடையா அல்லது தனியே காசு கொடுத்து மாட்ட வேண்டும். ஐப்பசி மழையில் மட்கார்டு இல்லாமல் அலுவலகம் போய்ச் சேர்ந்தீர்களானால் சட்டையின் முதுகில் சாலையின் வரைபடம் பதிந்திருக்கும். கியர் இல்லாத அல்லது ஆறேழு கியர் மட்டும் உள்ள, முழு மட்கார்டும் செயின் கவரும் கொண்ட வண்டி உங்களுக்குப் போதும். பெடல் அடிப்பக்கம் வரும்போது கால் ஏறக்குறைய முழுதாக நீளும்படி சீட்டின் உயரம் அமைய வேண்டும். அமையாவிட்டால் முழங்கால்தான் வலிக்கும்.

வண்டி கடைக்குப் பாதி பிரித்த நிலையில் பெட்டியில் வந்து அங்கேதான் பூட்டப்படுகிறது என்பதால், புதிதில் பிரேக் கேபிள் தளர்வதும் ஸ்போக் இளகுவதும் இயல்பு. முதல் சர்வீஸ் இலவசமா என்பதை வாங்கும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். பெடல் அச்சுக்கு அடியில் ஃபிரேம் எண் பொறித்திருக்கும். அதை பில்லில் குறிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் சைக்கிளுக்குப் பதிவு எண் இல்லாததால், திருடு போனால் காவல் நிலையத்தில் உங்கள் வண்டியை அடையாளம் காட்ட அது ஒன்றுதான் இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதையும் பாருங்கள். அதே நாளில் சிறிய கார்களுக்கு 28 சதவீதம் 18 ஆனதை முழுப்பக்க விளம்பரங்கள் கொண்டாடின. சைக்கிளுக்காக ஒரு பலூன்கூடக் கட்டியதாகத் தெரியவில்லை.

உங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில்தான் சுலோசன முதலியார் பாலம் இருக்கிறது. கலெக்டர் அலுவலகச் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த சுலோசன முதலியார், மக்கள் தாமிரபரணி ஆற்றைக் கடக்கத் தம் சொந்தப் பணத்தில் கட்டிய அந்தப் பாலம் 1843இல் திறக்கப்பட்டது. இன்று ஐந்து பேர் அமரும் காரில் ஒருவர் வீதம் அதன்மேல் வரிசையாக நின்றுகொண்டு, பாலம் குறுகல் என்று குறைபடுகிறோம். அருகிலேயே இன்னொரு பாலமும் கட்டியாகிவிட்டது. குறை மட்டும் அகலப்படுத்தப்பட்டிருக்கிறது.

கேள்வி: ஐயா, எங்கள் கார் வாரத்தில் ஒருநாள்தான், மகாராஜநகர் உழவர் சந்தைக்கும் கோயிலுக்குமாக, வெளியே எடுக்கப்படுகிறது. இருந்தும் பேட்டரி அடிக்கடி இறங்கிவிடுகிறது. வாரண்டியில் மாற்றித் தர மறுக்கிறார்கள். இது நியாயமா?

பதில்: நெல்லையப்பர் தேர் ஆண்டுக்கொரு முறை, ஆனி மாதத்தில் மட்டுமே ஓடுகிறது, ஆனால் அதற்குப் பேட்டரி கிடையாது, இழுப்பதற்கு ஊரே வடம் பிடிக்கிறது. உங்கள் காருக்கு அந்த வசதி இல்லை. நிற்கும் காரிலும் அலாரம், கடிகாரம் முதலியவை சிறிதளவு மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. சந்தைவரை செல்லும் சிறு ஓட்டத்தில், ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம்கூடத் திரும்ப ஏறுவதில்லை. வாரம் ஒருமுறை அரைமணி நேரமாவது தொடர்ச்சியாக ஓட்டுங்கள். நெடுநாள் எடுக்கப் போவதில்லையெனில் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள். உபயோகிக்காததால் இறங்கிய பேட்டரிக்கு வாரண்டி பெறுவது கடினம். பேட்டரியைச் சோதித்து, உள்ளேயே பழுது என்று தெரிந்தால் மட்டும் எழுத்து மூலம் கேளுங்கள்.

நிற்பதற்கும் ஒரு விலை உண்டு. காப்பீட்டுக்காகக் காரின் மதிப்பைக் கணக்கிடும் அட்டவணைப்படி, ஆறு மாதம் கடந்த வண்டிக்கு 15 சதவீதமும் நான்காண்டு கடந்த வண்டிக்கு 50 சதவீதமும் கழிக்கப்படுகின்றன. அந்த அட்டவணை, கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்பதே இல்லை.

கேள்வி: மகனுக்குப் பள்ளியில் விலையில்லா மிதிவண்டி கொடுத்தார்கள். நாங்கள் காரிலேயே கொண்டுபோய் விடுவதால் அது மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது. எப்படிப் பராமரிப்பது?

பதில்: டயரில் காற்று இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், இறங்கிய நிலையில் நின்றால் பக்கவாட்டில் வெடிப்பு விழும். செயினுக்கு எண்ணெய் விடுங்கள். மகனை அதில் ஏற்றினால் இவ்விரண்டும் அவன் பொறுப்பாகிவிடும்; பள்ளி வாசலில் ஒரு கார் குறையும் என்பதால் மற்றப் பெற்றோரும் எதிர்க்க மாட்டார்கள்.

கேள்வி: பேட்டரி சைக்கிள் வாங்கினேன். லைசென்ஸ் வேண்டாம் என்று விற்றவர், "ஒரு ஒயரைக் கழற்றினால் நாற்பதில் போகும்" என்றும் சொல்லிக் கழற்றியும் கொடுத்தார். இப்போது மோட்டார் பழுது. வாரண்டி செல்லாது என்கிறார்.

பதில்: மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்து, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் சான்றும் இருந்தால்தான் அது மோட்டார் வாகனம் அல்ல, பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் அந்த ஒயரைக் கழற்றிய நொடியில் உங்களிடம் பதிவெண்ணும் காப்பீடும் இல்லாத மோட்டார் வாகனம் ஒன்று வந்துவிட்டது. யார் மீதாவது மோதியிருந்தால் இழப்பீடு முழுவதும் உங்கள் கையிலிருந்து போயிருக்கும். முதலில் ஒயரை மாட்டுங்கள்.

விற்றவரே கழற்றிக் கொடுத்துவிட்டு அதையே காரணமாகக் காட்டி வாரண்டியை மறுப்பது சேவைக் குறைபாடு என்று வாதாட இடமிருக்கிறது. ஆனால் அவர் கழற்றியதற்கு வாட்ஸ்அப் செய்தியோ பில்லில் குறிப்போ வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதியுங்கள். தீராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்கு மேற்படாதவரை கட்டணம் கிடையாது. விசாரணைக்குச் செல்லும் நாளில் அந்தச் சைக்கிளில் போக வேண்டாம்.