கேளுங்கள், சொல்கிறேன்: வௌவால் ஏன் பெரிதாக வளரவில்லை?

கேள்வி: தீக்கோழி 100 கிலோவுக்கு மேல் இருக்கிறது. வௌவாலில் அத்தனை பெரியது ஏன் இல்லை?

பதில்: தீக்கோழி பறப்பதையே விட்டுவிட்ட பறவை, அதை ஆட்டத்தில் சேர்க்கக் கூடாது. ஆனால் பறக்கிற பறவைகளோடு நிறுத்தினாலும் வௌவால் தோற்றுத்தான் போகிறது. ஆப்பிரிக்காவின் கோரி கானமயிலில் ஆண் 18 கிலோ வரை வளரும், பறக்கவும் செய்யும். பிலிப்பைன்ஸில் வாழும் பொன்னிறத் தலைப் பழந்தின்னி வௌவால், இறக்கையை விரித்தால் ஒன்றரை மீட்டர். தராசில் வைத்தால் 1.4 கிலோவைத் தாண்டுவது அரிது. படத்தில் பூதம் போலத் தெரிவதெல்லாம் வெறும் தோல்தான். மிகச் சிறிய இனங்களில் மட்டும் சமன்: தாய்லாந்துக் குகைகளின் பன்றிமூக்கு வௌவாலும் கியூபாவின் தேனீ ரீங்காரச்சிட்டும் ஏறக்குறைய 2 கிராம்.

ஒரு மழை இரவில் என் அறைக்குள் சிறு வௌவால் ஒன்று புகுந்து, சுற்றிக் களைத்துத் திரைச்சீலையில் தலைகீழாகத் தொங்கியது. (நான் தொடவில்லை. நீங்களும் வெறுங்கையால் தொடாதீர்கள். வெறிநோய்க் கிருமி இருக்கக்கூடும்.) விளக்கு அதன் பின்னால் இருந்தது. ஓர் இறக்கையை மெல்ல விரித்தபோது குடைக்கம்பிகள் போல நான்கு நீண்ட விரல்களும், இடையே நரம்போடும் தோலும் தெளிவாகத் தெரிந்தன. கட்டைவிரல் மட்டும் கொக்கியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தோல் விலாவோரமாக இறங்கிப் பின்னங்கால் வரை ஒட்டியிருந்தது.

அந்த ஒட்டுதான் வினை என்பது என் எண்ணம். பறவையின் இறக்கையில் கால் மாட்டிக்கொள்ளவில்லை. எனவே அந்தக் கால் நீந்தலாம், ஓடலாம். அல்பட்ராஸ் போன்ற கனத்த பறவை ஓடி வேகம் பிடித்து மேலெழலாம். வௌவாலின் மெலிந்த கால் தொங்கத்தான் லாயக்கு. தரையில் ஓடவும் குதித்தெழவும் தெரிந்த இரத்தக்காட்டேரி வௌவால் ஒரு விதிவிலக்கு. ஆய்வாளர்கள் வேறு காரணங்களும் சொல்கிறார்கள். பறவை முட்டையிட்டுச் சுமையை இறக்கிவிடுகிறது. தாய் வௌவாலோ தன் எடையில் கால் பங்கு வரை வளரும் குட்டியை வயிற்றில் சுமந்தபடி பறக்க வேண்டும்.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் பறப்பதில் வௌவால் மட்டமா?

பதில்: யார் சொன்னது? பறவையின் விரலெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்துபோனவை. காற்றைப் பிடிப்பது இறகு. வௌவால் முழுக் கையாலும் பறக்கிறது. ஒவ்வொரு விரலையும் வளைத்துத் தோலின் குழிவை மாற்றிக்கொள்ளும். இறக்கையை மேலே தூக்கும்போது உடலோடு ஒடுக்கிக்கொள்ளும். அதனால்தான் இண்டு இடுக்கில் அப்படித் திரும்புகிறது. நெடுந்தூரம் போவதிலும் உயரத்திலும் பறவைக்கே முதலிடம். வரித்தலை வாத்து 7,000 மீட்டருக்கு மேலும் இமயத்தைக் கடந்திருக்கிறது. நுரையீரலோடு சேர்ந்த காற்றுப்பைகள் அதற்குத் துணை.

என் விருந்தாளியை விளக்கணைத்து, ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் அனுப்பினேன். பிடியை விட்டது, கல் போல விழுந்தது, தரைக்கு ஒரு சாண் மேலே இறக்கை விரிந்தது. நாற்காலிக் கால்களுக்கு நடுவே வளைந்து வெளியே போய்விட்டது.