அடிபட்ட தெருநாய்: நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

கேள்வி: அக்கா, இப்பதான் ஒரு நாய வண்டி அடிச்சிட்டு போயிருச்சு. ரோட்டோரமா கெடக்கு, கிட்ட போனா உறுமுது. எப்படித் தூக்குறது?

பதில்: உறுமுறது கோவத்துல இல்லம்மா, வலியில. தினமும் உங்க கையால சாப்பிடுற நாயா இருந்தாலும் வலி வந்தா கடிக்கும், அத மனசுல வச்சுக்கிட்டே கிட்ட போங்க. நேரா முன்னாடி போய் நிக்காதீங்க, கண்ணையே உத்துப் பாக்காதீங்க. பக்கவாட்டுல குனிஞ்சு மெதுவா பேசிக்கிட்டே போய் தலைமேல ஒரு கனமான துண்டப் போடுங்க, வெளிச்சம் மறைஞ்சாலே பதட்டம் கொஞ்சம் அடங்கும். அப்புறம் ஒரு நீளத் துணிய வாயச் சுத்தி, தாடைக்கு அடியில ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னாடி ஒரு முடிச்சு. ஆனா வாந்தி எடுத்தாலோ, மூச்சு வாங்குனாலோ, மூக்குல ரத்தம் வந்தாலோ வாயக் கட்டவே கட்டாதீங்க, மூச்சு முட்டிரும்.

தூக்கும்போது கால புடிச்சு இழுக்காதீங்க. முதுகெலும்பு உடைஞ்சிருந்தா அந்த ஒரு இழுப்புலயே நிரந்தரமா நடக்க முடியாம போயிரலாம். தட்டையான பலகையோ கெட்டி அட்டையோ பக்கத்துல வச்சு, ரெண்டு பேரா சேர்ந்து உடம்பு வளையாம அதுமேல நகர்த்துங்க.

கேள்வி: ரத்தம் நிக்கவே இல்ல, என்ன பண்ண?

பதில்: சுத்தமான துணிய வச்சு அழுத்திப் புடிங்க, ஒரு அஞ்சு நிமிஷம் கையே எடுக்கக் கூடாது. நின்னுச்சா நின்னுச்சான்னு தூக்கிப் பாத்தா உறைய ஆரம்பிச்சது திரும்ப பிச்சுக்கும். துணி நனைஞ்சா அதுமேலயே இன்னொன்னு வைங்க. உதட்டத் தூக்கி ஈறையும் பாருங்க. சாதாரணமா இளஞ்சிவப்பா இருக்கும், விரலால அழுத்தி விட்டா ரெண்டு செகண்டுக்குள்ள நிறம் திரும்பிரணும். வெளுத்துப் போயிருந்தா உள்ளுக்குள்ள ரத்தம் போகுதுன்னு சந்தேகப்படணும், உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க, போர்வை சுத்தி சூடா வச்சுக்கிட்டே போங்க.

கேள்வி: வலிக்கு பாராசிட்டமால் பாதி குடுக்கலாமா அக்கா?

பதில்: வேண்டாம், கால் மாத்திரை கூட வேண்டாம். பாராசிட்டமால் அளவு மீறினா நாயோட ஈரலக் கெடுக்கும், இப்யூபுரூஃபன் வயித்துல புண்ணாக்கி கிட்னியக் கெடுக்கும். பாவப்பட்டு குடுக்குற மருந்தாலயே சாகுற கொடும வேண்டாம்ப்பா. போற வழியில சாப்பாடும் குடுக்காதீங்க, ஆபரேஷன் பண்ற மாதிரி ஆனா மயக்க மருந்து குடுக்க வயிறு காலியா இருக்கணும்.

கேள்வி: புண்ணுல புழு நெளியுது. மண்ணெண்ணெய் ஊத்தலாம்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க.

பதில்: தயவு செஞ்சு ஊத்தாதீங்க, திறந்த புண்ணுல அது நெருப்பு மாதிரி எரியும். பினாயிலும் அப்படித்தான், நக்கினா வயித்துக்குள்ள போய் விஷம். புழு மேல தெரியுறத விட உள்ள ஆழமா இருக்கும், டாக்டர் மயக்கம் குடுத்து இடுக்கியால ஒவ்வொண்ணா எடுத்து, சுத்தியிருக்குற முடிய மழிச்சு மருந்து போடுவாங்க. நீங்க செய்ய வேண்டியது, ஈ மொய்க்காம மெல்லிய துணியால மூடி கூட்டிட்டு போறதுதான்.

கேள்வி: தூக்கும்போது லேசா பல்லு பட்டுருச்சு அக்கா, சின்னக் கீறல்தான், ரத்தம் கூட சரியா வரல.

பதில்: கீறல் சின்னதா பெருசான்னு பாக்காதீங்க. இத படிச்சதும் எந்திரிச்சு போய் சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவுங்க, அப்புறம் இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி போட்டுக்கோங்க. ரேபிஸ் அறிகுறி வந்துட்டா அநேகமா யாரும் பொழைக்கிறதில்ல, ஆனா வர்றதுக்கு முன்னாடி முழுசா தடுக்க முடியும். நாய 10 நாள் கவனிச்சுப் பாத்துட்டு போடலாம்னு தள்ளிப் போடாதீங்க, இன்னிக்கே ஊசிய ஆரம்பிச்சுக்கிட்டு, நாயையும் கவனிச்சுக்கிட்டே இருங்க.

கேள்வி: பின்னங்கால் ரெண்டும் இழுத்துக்கிட்டே கெடக்கு. எங்க வீட்டுலயே வச்சிருக்கேன். பொழைக்குமா?

பதில்: டாக்டர்கிட்ட காலோட விரல கிள்ளி வலி தெரியுதான்னு பாக்கச் சொல்லுங்க, ஆழமான வலி தெரிஞ்சா நம்பிக்கை நெறய இருக்கு. அதுவரைக்கும் மெத்தையான படுக்கை, ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ பக்கம் மாத்திப் படுக்க வைங்க, இல்லன்னா படுக்கைப் புண் வந்துரும். சிறுநீர் தானா போகலன்னா அடிவயித்த அழுத்தி எடுக்குறத டாக்டர் பக்கத்துல நின்னு கத்துக்கோங்க, யூகத்துல அழுத்தாதீங்க. வீட்டுல வேற நாய் இருந்தா அதோட சேர விடாம இத ரெண்டு வாரம் தனியா வைங்க. முதல் ரெண்டு மூணு நாள் தூங்க முடியாது உங்களால, அது எனக்கும் தெரியும். ஆனா அது உங்க கையில தலைய வச்சுக்கிட்டு கண்ண மூடுது பாருங்க, அந்த நேரத்துல கொஞ்சம் நீங்களும் கண்ண மூடுங்க.