மலை ஓடையில் கயாக்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: புதுச்சேரி சுண்ணாம்பாற்றில் சில ஆண்டுகளாகக் கயாக் எனும் சிறு துடுப்புப் படகை ஓட்டி வருகிறேன். ஏப்ரலில் அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள மகன் வீட்டுக்குச் செல்கிறோம். மழை பெய்த மறுநாள் அங்குள்ள மலை ஓடையொன்றில் இறங்கலாம் என்கிறான். இங்குள்ள பழக்கம் அங்கே போதுமா?
– வாசகர் ஒருவர், அரியாங்குப்பம்

பதில்: துடுப்புப் பிடித்த கை உதவும், ஆனால் தண்ணீரைப் புதிதாகத்தான் கற்க வேண்டும். சுண்ணாம்பாற்றின் உப்பங்கழியில் துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் கரையோரக் கொக்கைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சரிவில் ஓடும் ஓடை அந்த அவகாசத்தைத் தராது.

2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலையொட்டிச் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகி வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வளவு தொலைவு கடந்து வரும் வெள்ளத்துக்கு முன்னறிவிப்பாவது இருக்கும். சிறு ஓடையின் நீர்ப்பிடிப்புப் பரப்பு குறைவு என்பதால், மலையில் கனமழை பெய்த சில மணி நேரத்திலேயே நீர் ஏறி, ஓரிரு நாளில் படகின் அடி பாறையில் உரசும் அளவுக்கு வடிந்துவிடும். ஆகவே மகன் சொல்லும் ‘மறுநாள்’ சரியான கணக்குதான். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை பல ஓடைகளின் நீரோட்டத்தை இணையத்தில் வெளியிடுகிறது. நம் அணைச் செய்திகளில் வரும் அதே கன அடிக் கணக்குதான். அளவு இறங்குமுகமாக இருக்கும்போது மட்டும் செல்லுங்கள். நீர் பால் விட்ட தேநீர் நிறத்தில், சருகும் குச்சியும் சுமந்து வந்தால் இன்னும் ஏறுகிறது என்று கொள்ளலாம்.

படகிலிருந்து பார்க்கையில் நீர்ப்பரப்பில் ஆப்பு வடிவக் கோடுகள் தெரியும். அதன் கூர்முனை ஓட்டம் செல்லும் திசையை நோக்கியிருந்தால் அது பெரும்பாலும் இரு பாறைகளுக்கு நடுவே உள்ள வழி. உங்களை நோக்கியிருந்தால் முனையில் பாறை ஒளிந்திருக்கிறது. பாறையை விடவும் நான் அஞ்சுவது ஓடையில் சாய்ந்து கிடக்கும் மரத்துக்குத்தான். கிளைகளின் வழியே நீர் சல்லடையில் போவதுபோல் போய்விடும், ஆள் சிக்கிக்கொள்வார். தடுப்பணை, உயரம் குறைந்ததாயினும், கீழே விழுந்த நீர் திரும்பி அணையை நோக்கியே சுழல்வதால் ஆளை வெளியே விடாது. அங்கே கரையேறிப் படகைத் தூக்கிக்கொண்டு நடப்பதில் வெட்கமில்லை. கவிழ்ந்தால், ஓட்டத்தில் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறையிடுக்கில் கால் மாட்டிக்கொண்டால் நீரே உங்களை அழுத்திவிடும். மல்லாந்து, கால்களை முன்னே நீட்டி மிதந்தபடி கரைக்கு ஒதுங்குங்கள்.

லைஃப் ஜாக்கெட்டுடன் ஹெல்மெட்டும் அவசியம். ஏப்ரல் மாத மலைநீர் நம் மார்கழிக் குளத்தை விடக் குளிர்ந்தது என்பதால் அதற்குரிய உடையும் வேண்டும். ஆறு படிநிலைகளாக ஓடைகளைத் தரம் பிரிப்பார்கள். முதல் இரண்டுக்கு மேல் இம்முறை வேண்டாம்.

கேள்வி: நீச்சல் தெரியாத என் மனைவியும் வர ஆசைப்படுகிறார்.

பதில்: படகில் வேண்டாம். ஓடையில் இறங்குமிடம் வேறு, கரையேறுமிடம் வேறு என்பதால், உலர்ந்த துணியோடும் சூடான காபியோடும் காரில் வந்து அங்கே காத்திருக்க எப்படியும் ஒருவர் தேவைப்படுவார்.