தூக்காத கை

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊராட்சியில் பஸ் நிறுத்தத்தை ஒட்டி மளிகைக் கடை வைத்திருக்கிறேன். நாலு கடை தள்ளி டாஸ்மாக். கடந்த அக்டோபர் 2 கிராம சபையில் பெண்கள் திரண்டு வந்து, அந்தக் கடையை எடுக்க வேண்டும் என்று தீர்மானம் போடச் சொன்னார்கள். தலைவர், “ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க” என்றார். கடை போனால் கடைத்தெருவே படுத்துவிடும் என்று புரோட்டாக் கடைக்காரரும் ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்களும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். எனக்கும் சாயங்காலம் தண்ணீர் பாட்டில், டம்ளர், ஊறுகாய், முறுக்கு என்று ஆயிரத்தைந்நூறு வரை ஓடுகிறது. நான் கை தூக்கவில்லை. எதிரே பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டே கை தூக்கினாள். தீர்மானம் நிறைவேறியது. கடை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

நான் குடிப்பதில்லை. நான் செய்தது தவறா? இந்தத் தீர்மானத்துக்கு ஏதாவது மதிப்பு உண்டா? கடையை மூடினால் கள்ளச்சாராயம் வந்துவிடாதா?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையில் வைத்திருந்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் மளிகைக் கடைக்காரரின் மகன். போன மாதம் ஊருக்குப் போனபோது அப்பாவின் கடை இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அன்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருப்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

கள்ளச்சாராயத்தை முதலில் முடித்துவிடுவோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அப்போது டாஸ்மாக் கடைகள் திறந்துதான் இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு மரக்காணம் பக்கம் செத்தபோதும் திறந்துதான் இருந்தன. கள்ளச்சாராயத்தைப் பிடிப்பது போலீஸின் வேலை, அதை டாஸ்மாக் செய்யாது. இந்தக் கேள்வி உங்களுடையது இல்லை. கடை இருப்பதால் சம்பாதிக்கிற யாரோ உங்கள் வாயில் வைத்தது. அதைத் துப்பிவிடுங்கள்.

தீர்மானம் கலெக்டருக்குப் போகும். கடையை எங்கே வைப்பது, எப்போது எடுப்பது என்று முடிவு செய்கிறவர்கள் அதிகாரிகள்தான். விதியில் இருப்பது தூரக் கணக்கு. கோயிலிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் நகரப் பகுதியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர். ஊரில் இருப்பவர்களுக்குக் கடை வேண்டுமா வேண்டாமா என்று வாக்கெடுத்துக் கேட்க அந்த விதியில் வழி இல்லை. இருந்தாலும் தீர்மானத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளும்படி அந்தப் பெண்களிடம் சொல்லுங்கள். நாளைக்கு நீதிமன்றத்துக்குப் போனால் அது வேண்டியிருக்கும்.

இனி கடைத்தெருவுக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் சேலம் மாவட்டத்தில், தாரமங்கலம் பக்கம். தறி ஓடும் ஊர். தாத்தா தொடங்கிய கடையை அப்பா நடத்தினார். விற்பனை வரிக் கணக்கு எழுதும் நாட்களில் “இது ராஜாஜி போட்ட வரி” என்று சொல்லிக்கொண்டே எழுதுவார். அதன் பொருள் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ராஜாஜி 1937 அக்டோபர் 1-ல் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது எங்கள் சேலம் மாவட்டத்தில்தான். சாராய வருமானம் போன இடத்தை நிரப்ப 1939-ல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி வந்தது. குடியை நிறுத்தியதற்கான விலையைக் கடைத்தெருதான் கட்டியது. இன்றைக்கு நீங்கள் பருப்புப் பாக்கெட்டுக்கும் சோப்புக்கும் ஜி.எஸ்.டி. எழுதுகிறீர்கள், நாலு கடை தள்ளிச் சாராயமும் விற்கிறது. நம் தாத்தாக்கள் எதற்காக வரி கட்டினார்களோ அதை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு, வரியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். உங்களுக்குக் கோபம் வர வேண்டியது அங்கே.

1981-ல் மறுபடியும் சாராயக் கடைகளைத் திறந்தார்கள். எங்கள் ஊரில் சந்தைக்குப் பக்கத்தில் ஒன்று வந்தது. எனக்கு அப்போது பத்து வயது. முதல் சில மாதங்கள் நீங்கள் சொல்வது போலத்தான் இருந்தது. சாயங்காலத் தெருவில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், சுண்டல் வண்டி, வடை சுடும் அடுப்பு. கடையை ஏலம் எடுத்தவர் கடலை, எண்ணெய், ஊறுகாய் எல்லாம் எங்களிடம் மொத்தமாக எடுத்தார். ரொக்கக்காரர். கல்லா நிறைந்தது என்று அப்பாவே சொன்னார்.

ஆனால் கடன் கணக்கு எழுதும் பற்று நோட்டு வேறு மாதிரி போனது. அதை எழுதியவன் நான், அதனால் எனக்குத் தெரியும். கூலிக்கு நெய்கிற ஒருவரின் வீட்டுக் கணக்கு இருந்த பக்கம் இன்னும் கண்ணில் நிற்கிறது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அரை கிலோ துவரம்பருப்பு எழுதுவேன். அது கால் கிலோவாயிற்று, பிறகு நூறு கிராம். ஆடி மாதத்துக்குள் பருப்பே இல்லை. குருணை, புளி, மிளகாய், உப்பு. பாக்கி மட்டும் மேலே ஏறிக்கொண்டே போய் 43 ரூபாயில் நின்றது. சனிக்கிழமை கூலி அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே சந்தைப் பக்கம் திரும்பிவிட்டது. தெருவுக்குப் புதிதாகப் பணம் எதுவும் வரவில்லை, அதே கூலிதான்.

உங்கள் ஊரிலும் அதுதான் நடக்கிறது. உங்களிடம் ஒருவர் 200 ரூபாய்க்கு அரிசியும் எண்ணெயும் வாங்கினால் அதில் ஒரு பங்கு மண்டிக்காரருக்கு, ஒரு பங்கு லோடு வேன்காரருக்கு, ஒரு பங்கு உங்கள் பிள்ளையின் டியூஷன் டீச்சருக்கு. அந்த வட்டாரத்துக்குள்ளேயே கொஞ்ச நாள் சுற்றும். டாஸ்மாக்கில் வைக்கும் 200 ரூபாயில் பெரும்பகுதி ஆயத்தீர்வையாகவும் வாட் வரியாகவும் அரசுக்கும், மிச்சம் மதுபான ஆலைக்கும் போய்விடும். 2023-24-ல் அப்படி அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். ஏறத்தாழ 4,800 கடைகள் வழியாகப் போன பணம் அது. உங்கள் ஆயிரத்தைந்நூறை மட்டும் எண்ணாதீர்கள். இன்றிரவு பற்று நோட்டை எடுத்து, எந்தெந்த வீட்டில் பருப்பு குறைந்திருக்கிறது என்று பாருங்கள்.

சரி, கை தூக்கும் விஷயம்.

அந்த வருஷம் எங்கள் மாரியம்மன் கோயில் திடலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். நான் அப்பாவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அந்த நெசவுக்காரரின் மனைவிதான் எழுந்து கேட்டார்: “சாராயக் கடை வேண்டாங்கறவங்க கையைத் தூக்குங்க.” பெண்கள் பக்கம் இருபது முப்பது கை எழுந்தது. அப்பா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஏலக்காரர் முன்வரிசையில் இருந்தார். அப்போது நான் பார்த்தது இது: அந்தப் பெண்கள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு கையாக இறங்கியது. இறங்கிய கைகளில் பாதிக்கு மேல் எங்கள் நோட்டில் இருந்த வீடுகள். கடைசிவரை இறங்காதது எழுந்து கேட்ட அந்த ஒருவருடைய கைதான்.

நண்பரே, இதைத்தான் உங்களிடம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘நான் ஒருவன் தூக்காவிட்டால் என்ன’ என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். நீங்கள் ஒருவர் இல்லை. கடன் கொடுக்கிறவரின் கை மடியில் கிடந்தால் கடன் வாங்கியவர்கள் அதைப் பார்க்கிறார்கள். திங்கட்கிழமை பால் பவுடருக்கு உங்கள் கடைக்குத்தான் வர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் ஊரில் அதையும் மீறித் தீர்மானம் நிறைவேறியிருக்கிறது என்றால் அந்தப் பெண்களின் துணிச்சலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

அதனால்தான் பல வருஷமாகச் சொல்லி வருகிறேன், யாரும் காதில் வாங்குவதில்லை, திரும்பவும் சொல்கிறேன்: ஊர் நடுவில் கை தூக்கச் சொல்வது வாக்கெடுப்பு இல்லை. தறி முதலாளி, வட்டிக்குக் கொடுத்தவர், கடைக்காரர், புருஷன் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பெண் தன் மனதில் இருப்பதை எப்படிச் சொல்வாள்? மகாராஷ்டிரத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு கிராமத்தில் அல்லது வார்டில் பெண் வாக்காளர்களில் 25 சதவீதம் பேர் கையெழுத்திட்டுக் கேட்டால், அரசே ரகசிய வாக்கெடுப்பு நடத்தும். சீட்டில் எழுத்து படிக்கத் தெரிய வேண்டாம். நிற்கும் பாட்டில் ஒரு சின்னம், படுத்திருக்கும் பாட்டில் ஒரு சின்னம். படுத்த பாட்டில் என்றால் கடை வேண்டாம். வந்து வாக்களித்தவர்களில் பாதி போதாது, பட்டியலில் இருக்கும் பெண்களில் பாதிக்கு மேல் அதற்குக் குத்த வேண்டும். கடுமையான நிபந்தனை. வராதவர்கள் எல்லாம் கடைக்கு ஆதரவு என்று ஆகிவிடுகிறது, அதை மாற்ற வேண்டும் என்பேன். ஆனாலும் அங்கே ஒரு பெண் திரைக்குப் பின்னால் தனியாக நிற்கிறாள். மளிகைக் கடைக்காரர் அங்கே இல்லை.

நாம் உத்திரமேரூர் குடவோலையை மேடைக்கு மேடை பேசுகிறோம். அது தகுதியுள்ளவர்களின் பெயரைக் குடத்திலிருந்து எடுத்த குலுக்கல். தங்கள் தெருவில் சாராயக் கடை வேண்டுமா என்று நம் பெண்களிடம் சீட்டுக் கொடுத்துக் கேட்க இன்னும் ஒரு சட்டம் இல்லை. 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நெடுஞ்சாலையோரம் 3,000-க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. அவற்றை ஊருக்குள் கொண்டுவரப் பார்த்தபோது ஊர் ஊராகத் தெருவில் உட்கார்ந்து தடுத்தவர்களில் முன்னால் நின்றவர்கள் பெண்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் ஒரு பெண்ணை போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை எல்லாரும் பார்த்தோம். அவர்கள் கையில் ஒரு சீட்டு இருந்திருந்தால் அந்த வெயிலில் ரோட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அந்த நெசவுக்காரரின் மனைவி ஊர்க்கூட்டத்துக்குப் பிறகு எங்களிடம் சாமான் வாங்கவில்லை. ஊர்க்கோடியில் இருந்த இன்னொரு கடைக்கு நடந்து போனார். ஆனால் சனிக்கிழமை தவறாமல் வந்து இரண்டு ரூபாயைப் பெட்டி மேல் வைப்பார். நான் நோட்டில் வரவு எழுதும்வரை நின்று பார்த்துவிட்டுப் போவார். 22 சனிக்கிழமை. கடைசி வாரம் ஒரு ரூபாய். அன்றைக்கு அப்பா கால் கிலோ பருப்பைப் பொட்டலம் கட்டி, “எடுத்துட்டுப் போம்மா, காசு அப்புறம் பார்த்துக்கலாம்” என்று நீட்டினார். “வேண்டாங்கண்ணா” என்றார் அவர். அவ்வளவுதான். அப்பா அந்தப் பொட்டலத்தை வெகுநேரம் பிரிக்காமல் கையில் வைத்திருந்தார்.

ஜனவரி 26-ல் உங்கள் ஊரில் மறுபடி கிராம சபை கூடும். பெண்களுக்கு ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று அரசைக் கேட்டு ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். கடைக்காரரான நீங்களே எழுந்து அதைப் படியுங்கள்.

நீங்கள் செய்தது தவறா என்று கேட்டிருந்தீர்கள். தவறுதான். உங்கள் மனைவி உங்களைப் பார்த்துக்கொண்டே கை தூக்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று இரவு வீட்டுக்கு வந்து அவர் என்ன சொன்னார் என்பதை எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.

அன்புடன்.