இறக்கையின் முதுகில் ஒரு நூல்

வாசகர் கேள்விகளுக்கு ஒரு பழைய மாடல் கிளைடர்க்காரரின் பதில்கள்

கேள்வி: நுனிக்கு நுனி ஒன்றரை மீட்டர் இறக்கையுள்ள, கையால் சுழற்றி எறியும் கிளைடர் வைத்திருக்கிறேன். இறக்கையின் தடிமன் அதன் அகலத்தில் 7 சதவீதம். மேல்புறம் ஜிக்ஜாக் டேப் (ஓரம் பல்பல்லாக வெட்டிய டேப்) ஒட்டினால் கூடுதல் நேரம் மிதக்கும் என்று நண்பர் சொன்னதால் ஒட்டினேன். ஒரு மாற்றமும் தெரியவில்லை. எங்கே தவறு?

தவறு எதுவும் இல்லை. இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

டேப் ஏன் வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். 1914-இல் ஜெர்மனியில் காற்றியல் விஞ்ஞானி பிராண்டில் ஒரு கோளத்தைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து, அதன் அகன்ற இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு மெல்லிய கம்பி வளையத்தை ஒட்டினார். காற்றுக்குக் குறுக்கே ஒரு தடையை வைத்தால் இழுவை கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். குறைந்தது! கோளத்தை ஒட்டி அமைதியாக, அடுக்கடுக்காக ஓடிய காற்றுக்குப் பின்பக்கம் வரை வளைந்து போகத் தெம்பில்லை. பாதியிலேயே பிய்த்துக்கொண்டு போய்விடும். கம்பியில் தடுக்கிக் கலங்கிய காற்று வெளியே ஓடும் வேகமான காற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச தூரம் பரப்பைப் பிடித்தபடி ஓடியது.

நம் மாடல்களிலும் இதே கதைதான். வேகத்தை மீட்டர்/வினாடியிலும், முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை இறக்கையின் அகலத்தை மில்லிமீட்டரிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி, மேலும் 70-ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ அதுதான் ரெனால்ட்ஸ் எண், அதாவது காற்று எப்படி ஓடும் என்பதைச் சொல்லும் அளவு. உங்கள் கிளைடர் 6 மீட்டர் வேகத்தில் மிதக்கிறது, நடு இறக்கை 170 மி.மீ. என்று வைத்தால் 71,400 வரும். ஆள் ஏறும் கிளைடருக்கு இது பத்து லட்சத்தைத் தாண்டும். இவ்வளவு சிறிய எண்ணில், மேல்புறக் காற்று பாதி வழியில் பரப்பை விட்டுக் கிளம்பி, கலங்கி, அதிர்ஷ்டம் இருந்தால் மறுபடி வந்து ஒட்டும். நடுவில் தேங்கி நிற்கும் பகுதியைக் குமிழி என்போம். குமிழி நீளமாக இருந்தால் இழுவை எகிறும். திரும்ப ஒட்டவே இல்லையென்றால், அந்த இறக்கை வெறும் பலகைதான்.

தடித்த பழைய இறக்கைகளில், அதாவது 10, 12 சதவீதம் தடிமன் உள்ளவற்றில், இந்தக் குமிழி பெரிய தொல்லை. அங்கே டேப் ஒட்டினால் கையெறி விமானத்தைப் பார்க்கிற குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியும். உங்களுடையதைப் போன்ற மெல்லிய இறக்கைகளோ வேறு ரகம். மார்க் ட்ரெலா போன்ற இறக்கை வடிவமைப்பாளர்கள் குமிழி குட்டையாகவே இருக்கும்படி வளைவை வரைந்து வைத்திருக்கிறார்கள். அதன் மேல் டேப் ஒட்டினால் லாபம் ஒன்றுமில்லை. எறியும் வேகத்தில் அது வெறும் உராய்வுதான்; உயரம்கூடச் சற்றுக் குறையலாம். பிய்த்து எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பழைய வரைபடத்தைப் பார்த்து பால்சாவில் 12 சதவீதத் தடிமன் இறக்கை கொண்ட இழுகயிற்று கிளைடர் (கயிற்றால் இழுத்து மேலே ஏற்றுவது) கட்டியிருக்கிறேன். டர்புலேட்டரை (காற்றைக் கலக்கிவிடும் டேப்பை) எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் ஒட்ட வேண்டும்? சோதிப்பது எப்படி?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

முதலில் இடம். காற்று பிய்த்துக்கொள்ளும் கோட்டுக்கு முன்னால் டேப் இருக்க வேண்டும். குமிழிக்குள்ளே ஒட்டினால் தேங்கிய குட்டையில் கல் போட்ட மாதிரி. ரொம்ப முன்னால் ஒட்டினால், அமைதியாக ஓடியிருக்க வேண்டிய காற்றையும் சேர்த்துக் கலக்கி உராய்வைக் கூட்டுவீர்கள். மெதுவாக, மூக்கைத் தூக்கிப் பறக்கப் பறக்க இந்தக் கோடு முன்னோக்கி நகரும். மிதப்பதற்கென்றே இருக்கும் கிளைடரில் இறக்கை அகலத்தின் 20, 25 சதவீதத்தில் ஆரம்பித்து, அங்கிருந்து முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கலாம்.

கோட்டைக் கண்ணாலேயே பார்க்க ஆசையா? விளக்குக் கரியை மெல்லிய எண்ணெயில் குழைத்து, இறக்கையின் மேல்புறம் ஒரு சாண் அகலத்துக்குப் பூசுங்கள். (பால்சாவில் நேரடியாகப் பூசி, அப்புறம் என்னைத் திட்டாதீர்கள். முதலில் ஒரு பிளாஸ்டிக் படலத்தை ஒட்டிக்கொள்ளுங்கள்.) மேட்டிலிருந்து மெல்லத் தள்ளி, நேராகப் பறக்க விடுங்கள். கயிற்றில் இழுத்தால் அந்த வேகத்திலேயே கரி அலங்கோலமாகிவிடும். இறங்கியதும் பாருங்கள்: முன்பகுதியில் எண்ணெய் இழைகளாக ஓடியிருக்கும், ஓரிடத்தில் அப்படியே தேங்கி நிற்கும். அதுதான் குமிழி.

உயரத்துக்கும் ஒரு கைக்கணக்கு உண்டு. டேப்பின் உயரத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அந்த இடத்துக் காற்று வேகத்தாலும் 70-ஆலும் பெருக்கினால் 300-ஐ ஒட்டி வர வேண்டும். மாடல் 6 மீட்டரில் போனால் இறக்கையின் முதுகில் காற்று 9 மீட்டர் அளவில் ஓடும். அரை மில்லிமீட்டர் டேப்புக்கு 315 வருகிறது, சரி. ஒரே ஒரு அடுக்கு ஸ்டிக்கர் 0.1 மி.மீ. என்றால் வெறும் 63. அது அலங்காரத்துக்குத்தான் ஆகும். நான்கைந்து அடுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, துணியின் ஓரம் வெட்டும் பல் கத்தரியால் நறுக்கினால் ஜிக்ஜாக் டேப் தயார். தையல் நூலை நீளவாக்கில் பசை வைத்து ஒட்டினாலும் வேலை நடக்கும். நான் முதல் பத்து வருடம் நூலில்தான் ஓட்டினேன்.

சோதனையில்தான் பெரும்பாலோர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். விடியற்காலையில் போவார்கள். டேப் இல்லாமல் ஐந்து தடவை பறக்கவிடுவார்கள். டேப் ஒட்டி இன்னும் ஐந்து தடவை. "பத்து வினாடி கூடிவிட்டது!" கூடாமல் என்ன செய்யும்? அதற்குள் வெயில் ஏறி, தரை சூடாகி, காற்று மேலே கிளம்ப ஆரம்பித்துவிட்டது. டேப்புக்குப் போன பாராட்டு சூரியனுக்குப் போயிருக்க வேண்டும். அதனால் ஒன்று விட்டு ஒன்றாகச் செய்யுங்கள்: டேப்போடு ஒன்று, இல்லாமல் ஒன்று, மறுபடி டேப்போடு. 50 மீட்டர் கயிற்றிலிருந்து அசையாத காற்றில் 150 வினாடி மிதக்கிற மாடலில் 5 சதவீத முன்னேற்றம் என்பது ஏழெட்டு வினாடிதான். கயிற்றை விடும் உயரத்தில் நம் கை செய்யும் பிசகே அந்த அளவுக்கு வரும். இரண்டு மூன்று பறப்பை வைத்து முடிவு கட்டாதீர்கள். டேப் மாறினால் ட்ரிம்மும், அதாவது மாடல் சீராக மிதக்கச் செய்து வைத்த சமநிலையும், மாறும். ஒவ்வொரு நிலைக்கும் தனியாக ட்ரிம் செய்யாமல் ஒப்பிட்டால், நீங்கள் சோதிப்பது டேப்பை அல்ல, கெட்ட ட்ரிம்மை.

ஒரு போட்டிக்கு முந்தின இரவு புது டேப் ஒட்டிக்கொண்டு போனேன். காலைப் பனியில் வலது இறக்கையின் டேப் பாதி கழன்றது, நான் பார்க்கவில்லை. கயிற்றை விட்டதும் மாடல் வலது பக்கம் சுருண்டு, சுருண்டு, 71 வினாடியில் தரைக்கு வந்தது. அந்தச் சுற்றில் உச்ச நேரம் 180 வினாடி. ஒரு பக்கம் தெம்புள்ள காற்று, மறுபக்கம் சோர்ந்த காற்று என்றால் வேறென்ன நடக்கும்? இப்போது ஒட்டும் முன் பரப்பை ஸ்பிரிட்டால் துடைக்கிறேன். டேப்பின் இரண்டு முனையிலும் ஒரு சொட்டுப் பசை வைக்கிறேன்.

கேள்வி: தெர்மலில் (மேலே கிளம்பும் சூடான காற்றில்) இறுக்கமாகச் சுற்றும்போது உள்பக்க இறக்கை நுனி திடீரென்று விழுகிறது. வோர்டெக்ஸ் ஜெனரேட்டர் வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் கடைசியாக. 1.5 மீட்டர் மாடல் 6 மீட்டர் ஆரத்தில் சுற்றினால், உள்நுனி நடு இறக்கையைவிட ஏறத்தாழ 12 சதவீதம் மெதுவாகப் போகிறது. நுனியின் அகலமோ 80 மி.மீ.தான். அங்கே ரெனால்ட்ஸ் எண் முப்பதாயிரத்துக்கும் கீழே வந்துவிடும். நுனி முதலில் தெம்பிழந்து விழுவதில் ஆச்சரியம் இல்லை. முதலில் இறக்கை முறுக்கியிருக்கிறதா என்று மேசையில் வைத்துப் பாருங்கள். ஈர்ப்பு மையம் ரொம்பப் பின்னால் போயிருக்கிறதா? இரண்டும் சரியென்றால், வெளி மூன்றில் ஒரு பங்கில் மட்டும் டேப் ஒட்டிப் பாருங்கள். வோர்டெக்ஸ் ஜெனரேட்டர் என்பது காற்றுக்குச் சாய்வாக நிற்கும் குட்டித் தகடுகள். நன்றாகவே பிடித்து நிறுத்தும், ஆனால் எப்போதும் இழுவை வரி வசூலிக்கும். தெர்மலில் சம்பாதித்ததை, காற்றை எதிர்த்துத் திரும்பி வரும் வழியில் செலவழித்துவிடுவீர்கள்.

கேள்வி: எலிவேட்டர் (வாலில் அசைந்து மூக்கை ஏற்றி இறக்கும் பலகை) நடுநிலைக்கு அருகில் செத்துப்போன மாதிரி இருக்கிறது. லேசாக அசைத்தால் ஒன்றும் நடப்பதில்லை, அப்புறம் திடீரென்று பிடிக்கிறது.

முதலில் எலிவேட்டரை இயக்கும் கம்பியில் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். பாதிப் பேருக்கு அதுதான். இல்லையென்றால் வால் இறக்கை தடிமனாக இருக்க வேண்டும். சிறிய ரெனால்ட்ஸ் எண்ணில் தடித்த சமச்சீர் வால், சுழியத்தை ஒட்டிய கோணங்களில் உண்மையாகவே மரத்துப்போகும். கீல் இடைவெளியை மெல்லிய டேப்பால் மூடுங்கள். கீலுக்கு நன்றாக முன்னால், மேலும் கீழும் ஒவ்வொரு டர்புலேட்டர் ஒட்டுங்கள். அடுத்த வாலை மெல்லியதாகக் கட்டுங்கள்.

கேள்வி: பந்தயக் கார்களில் வரும் கர்னி ஃபிளாப்?

1971-இல் பந்தய வீரர் டான் கர்னி காரின் பின் இறக்கையில் ஒட்டிய சின்னச் செங்குத்து விளிம்பு அது. 150 மி.மீ. இறக்கைக்கு ஒன்றரை மி.மீ. உயரம் போதும், தூக்குவிசை கூடும். ஆனால் எறியும்போது அதை மடக்கி வைக்க முடியாதே? பின்விளிம்பு அசைகிற மாடல் என்றால், அதையே இரண்டு மி.மீ. கீழே இறக்கிவிட்டுப் போங்கள்.

கேள்வி: கோல்ஃப் பந்து மாதிரி இறக்கை முழுக்கக் குழி போட்டால்?

ஒரு மழைக்காலத்தில் நானும் போட்டேன். பந்துக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று கிடையாது, அதனால் எல்லாப் பக்கமும் குழி வேண்டும். இறக்கைக்கு ஒரே ஒரு கோடு போதும். அந்த இறக்கை இப்போது பரணில் இருக்கிறது.